கடல் தாண்டிப் போன கேள்விகள்

வாத்தியார் வேலையில் கேள்வி கேட்பது எளிது. வருகிற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைத்தான் எந்த டிரெயினிங் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. என்னைப் போலச் சாக்பீஸ் தூள் தின்று வளர்ந்த வாத்தியார்களுக்கு இது புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையில் பூகோள வாத்தியாராக இருந்தேன். வகுப்பே கண் சொருகும் மத்தியானங்களில் சுவரிலிருக்கும் உலகப்படம் காற்றில் ஆடும். அந்த நீலத்தையே பார்த்துக் கிறங்கியதில் ஒரு யோசனை வந்தது. கொழும்பு, பினாங்கு, இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். அங்குள்ள பள்ளிகளுக்கும் என் வகுப்புக்கும் ஒரே கேள்விகள். எதற்குப் பயம்? மழை வந்தால் என்ன நினைப்பாய்? சரி, தப்பு கிடையாது. மனதில் பட்டதை எழுத வேண்டும், அவ்வளவுதான். பதில்களைக் கப்பல் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம்.

முதல் ரேங்க்கின் பயம்

எதற்குப் பயம் என்று கேட்டால், என் வகுப்பு முழுக்க 'தேள்' என்று எழுதியிருந்தது. வாடிப்பட்டி முத்தையா பாம்பையே கையால் பிடிக்கிறவன். அவனும் தேள். விசாரித்தால், எல்லாரும் முதல் ரேங்க் பையனைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். "உன் பயத்தைக் கேட்டால் அவன் பயத்தை எழுதுவாயா?" என்றேன்.

"அவன் எழுதுனா சரியாத்தான் சார் இருக்கும்" என்றான் முத்தையா.

சிவப்பு மை

திரும்ப எழுதி வாங்கிய தாள்கள் ஹெட்மாஸ்டர் கண்ணில் பட்டுவிட்டன. மழை வந்தால், 'கூரை ஒழுகும், லீவு விடுவார்கள்' என்று ஒருவன் எழுதியிருந்தான். அதைச் சிவப்பு மையால் அடித்து, 'இயற்கையின் மாட்சியை நினைப்பேன்' என்று எழுதி வைத்திருந்தார். அது பையனின் அபிப்பிராயம் என்று மென்று விழுங்கினேன்.

"அபிப்பிராயம் அவனுதா இருக்கட்டும். கப்பல்ல போறது நம்ம ஸ்கூல் பேருல்ல?"

இங்கிலாந்து மழை

இங்கிலாந்துப் பிள்ளைகளின் பதில் சித்திரை வெயிலில் வந்து சேர்ந்தது. மழை அவர்களுக்கு அலுத்துவிட்டதாம், வெயில்தான் வேண்டுமாம். தமிழில் சொன்னேன். வகுப்பே ஜன்னலுக்கு வெளியே கொளுத்தும் வெயிலைத் திரும்பிப் பார்த்தது. முத்தையா எழுந்தான்.

"அம்புட்டு ஆசையா இருந்தா நம்ம வெயில்ல பாதியைக் குடுத்துருவோம் சார்."

இஸ்மாயில்

கீழவாசலில் கைலிக் கடை வைத்திருந்தவரின் மகன் இஸ்மாயில், என் வகுப்புப் பையன். படிப்பென்றால் அவனுக்கு உயிர். அந்த வருடத்தோடு படிப்பை நிறுத்தி, பினாங்கில் தாய்மாமன் கடைக்கு அனுப்புவதென்று அவன் அத்தா முடிவு செய்துவிட்டார். கடைக்குப் போய்க் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுத்தான் கெஞ்சினேன். அவர் கைலி மடிப்பதை நிறுத்தினார்.

"கப்பலுக்குச் சொல்லியாச்சு சார். அங்கிட்டும் பள்ளிக்கூடம் இருக்குன்னு நீங்கதான சொல்றீக? மச்சான்ட்டச் சொல்லிச் சேத்துவிடுறேன். அவன் கருத்தை அங்கன இருந்து எழுதட்டும்."

பினாங்கிலிருந்து

நான் அதை நம்பவில்லை. மறுவருடம் பினாங்குப் பள்ளியின் பதில்களில் இஸ்மாயிலின் கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பையன் படிக்கிறான். அந்த வருடம் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தேன்: எந்த வெளிநாட்டைப் பார்க்க ஆசை? லண்டன், ஜப்பான், அமெரிக்கா என்று மற்றப் பிள்ளைகள் உலகத்தையே சுற்றி வந்திருந்தார்கள். இஸ்மாயில் எழுதியிருந்ததை வகுப்பில் வாசிக்கச் சொல்லி முத்தையாவிடம் கொடுத்தேன்.

"மதுரை. வைகையில் தண்ணீர் வந்துவிட்டதா?"

நாலு தேசத்துப் பிள்ளைகளைக் கேள்வி கேட்ட பூகோள வாத்தியார், பதிலுக்கு ஒரு பிள்ளை கேட்ட ஒரே கேள்விக்காக, காய்ந்து கிடந்த ஆற்றைத் தினமும் எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.