காருக்குப் போட்ட மடிப் பட்டு

என்னால் ஒரு டிரைவரின் வேலை போயிற்று. அவர் செய்யாத தப்புக்காகப் போயிற்று. யாரிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டுமோ, அந்த என் மாமனார் காலமாகி வெகுநாளாகிறது. இப்போது காகிதத்தில் சொல்கிறேன். கொஞ்சம் சிரிப்பும் வரும். வந்தால் சிரித்துவிடுங்கள், அன்று நானும் உள்ளுக்குள் சிரித்தேன், அதுவும் தப்புத்தான்.

யுத்த காலம். மைசூரில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தேன். "வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று ஏற்பாடு. கையில் இருந்தது பௌதிகத்தில் ஒரு பி.ஏ. மட்டும். மாமனார் வக்கீல், மேல்கோட்டைப் பூர்வீகம், ஆசாரத்தில் நெருப்பு. அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அது ஒரே மாதத்தில் இரண்டு முறை வழியில் நின்றது. இரண்டாம் முறை தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட் வாசலில். வெற்றிலைக்காரிகள் கன்னடத்தில் கேலி செய்ய, வக்கீல் கறுப்புக் கோட்டோடு இறங்கிக் காரைத் தள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும் டிரைவரிடம் சொன்னார்: "இன்னொரு தரம் நடுவழியில நின்னுதுன்னா நீ அங்கேயே இறங்கிக்கோ. அப்படியே நடந்து ஊருக்குப் போயிடு."

டிரைவருக்குச் சொந்த ஊர் கௌதள்ளிப் பக்கம். மண்டி மொஹல்லாவில் ஓர் அறையில் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருந்தார். மறுநாள் காலை பானெட்டைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"சின்ன சாமி, இங்க பாருங்க. மூக்கு அழுகிப் போச்சு."

என்ஜினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு தகர டப்பா. அதற்குள் குதிரை மயிரைச் சுருட்டி, எண்ணெயில் நனைத்து அடைத்திருந்தார்கள். தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். காற்று மட்டும் உள்ளே போகும். அதைத்தான் மூக்கு என்றார். மயிர் கருகிப் பொடியாகியிருந்தது. சென்னைக் கடைக்கு எழுதிக் கேட்டதில், யுத்தம் முடியட்டும் என்று பதில் வந்தது.

"ஜட்கா ஸ்டாண்டுல நம்ம கூட்டாளி இருக்கானுங்க. குதிரை வால் மயிரு ஒரு பிடி வாங்கியாறேன். புதுசு மாதிரி ஆயிடும்."

அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டில் மூன்று வேளை சாப்பிடுகிறோமே, படித்த படிப்பை ஒருநாளாவது காட்ட வேண்டாமா என்று எனக்கு அரிப்பு.

"குதிரை மயிரா? மாமா காதுல விழுந்தா கார்லயே ஏற மாட்டார். நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

இரண்டு நாள் ஆராய்ச்சி செய்தேன். தேங்காய் நார், பீர்க்கங்காய்க் கூடு, சாக்குத் துணி. ஒவ்வொன்றையும் வாயில் வைத்துக்கொண்டு எதிரே கோலப்பொடியைத் தூவி மூச்சை இழுத்தேன். எல்லாவற்றிலும் பொடி வாய்க்குள் வந்தது. மாமியார் கொல்லைப்பக்கம் வந்தபோது என் வாயில் பீர்க்கங்காய்க் கூடு இருந்தது.

"ஏன் மாப்ளே, பல்வலியா?"

"இல்லை மாமி. காருக்கு."

மாமி உள்ளே போய் என் மனைவியிடம், "சீக்கிரம் ஒரு வேலை கிடைச்சுடணும்டி" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த மாமிதான், அறியாமலே, எனக்கு வழி காட்டினார். நூல் துணியை நனைத்து உலர்த்தினால்தான் மடி, ஆசாரச் சுத்தம். பட்டுக்கு அது வேண்டாம். "பட்டுல விழுப்பு ஒட்டாது" என்பார் அடிக்கடி. விழுப்பு என்றால் தீட்டு. பௌதிகம் படித்தவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். விழுப்பே ஒட்டாத துணியில் தூசி எப்படிப் போகும்? மாமனாரின் துணிப்பெட்டியில், அடியில், பழைய பட்டு வேஷ்டி ஒன்று கிடந்தது. அவர் அதை உடுத்தி நான் பார்த்ததே இல்லை, கழித்துப் போட்டது என்று நினைத்தேன். ஒரு முழம் கிழித்தேன். கோலப்பொடி ஒரு துளிகூட வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நான்காக மடித்து, எண்ணெயில் தோய்த்து, டப்பாவில் வைத்தேன்.

டிரைவர் விரலால் அழுத்திப் பார்த்தார். "தூசி வராதுங்க சாமி. காளியும் வராது."

கன்னடத்தில் காற்றுக்கு அதுதான் பெயர்.

"நீ வண்டியை ஓட்டு. இது பௌதிகம்" என்றேன். அவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர்.

சமதரையில் கார் முனகிக்கொண்டு ஓடியது. அந்த வாரமே மாமனார் மேல்கோட்டைக் கோயிலுக்குப் புறப்பட்டார். மலை ஏற்றத்தில் பாதியில் கரும்புகை கக்கி, இருமி, நின்றது. பின்னால் கரும்பு ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. நடை சாத்திவிடுவார்களே என்று மாமனார், பன்னிரண்டு திருமண்ணோடும் பஞ்சகச்சத்தோடும், கரும்புக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். மாடு நடந்தது. அவர் எங்களைப் பார்த்தபடியே மேலே போனார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

டிரைவர் டப்பாவைத் திறந்து பட்டை உருவினார். கார் உடனே கிளம்பியது. கரியேறிய துணியில் ஜரிகைக் கரை மின்னியது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெரிய சாமிகிட்ட சொல்லிடலாமுங்களா?"

"இப்ப வேண்டாம். கோபமா இருப்பார். வீட்டுக்குப் போனதும் நானே சொல்லிடறேன்."

அந்த வாக்கை நம்பித்தான் டிரைவர், மேலே மாமனார் கத்தியபோது, "தூசி அடைச்சுப் போச்சுங்க. நான்தான் கவனிக்கலை" என்றார். நான் பக்கத்தில் நின்று கோபுரத்தைச் சேவித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தோம். நான் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். காபி முடிவதற்குள் மாமனார் வாசலிலேயே அவரை அனுப்பிவிட்டார். அவர் போகும்போது துணியை மடித்து என் கையில் கொடுத்தார். "பட்டுங்க. தூக்கிப் போட மனசு வரலை."

அடுத்த மாதம் மாமனார் அந்த வேஷ்டியைத் தேடினார். அவருடைய அப்பாவின் திவசத்தன்று மட்டும் உடுத்துவதாம். கிழிந்த ஓரத்தைப் பார்த்து, "எலி" என்று தீர்ப்புச் சொன்னார். எலிப்பொறி வந்தது. தினமும் சாயங்காலம் அதில் தேங்காய்ச் சில்லு வைக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் வைத்தேன். "மாப்பிள்ளைக்கு வீட்டு மேல அக்கறை" என்று பெயர் வாங்கினேன்.

பிறகு எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஒருநாள் மழைக்குப் பயந்து ஒரு ஜட்காவில் ஏறினேன். ஓட்டுகிறவர் திரும்பினார். அவர்தான். கூட்டாளியின் வண்டியாம். தாடை ஒட்டிப் போயிருந்தது.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வெளியே வந்தது, "கொஞ்சம் மெதுவாப் போ, ரோடு வழுக்கும்" என்பதுதான்.

அவர் கடிவாளத்தை உதறினார்.

"பயப்படாம உட்காருங்க, சின்ன சாமி. இதோட மூக்குல யாரும் பட்டு அடைக்கலை."