சில்வரின் முதுகு

அந்தச் சாம்பல் குட்டி பிறந்த அன்று தோட்டமே சந்தேகப்பட்டது எங்கள் அத்தையைத்தான்.

அப்பாவின் அக்காவான அவர், எஹலியகொடைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், துரை பங்களாவின் நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரையின் மனைவியை நாங்கள் நோனா என்போம். நோனாவிடம் ஒரு டொபர்மேன் பெட்டை இருந்தது. கன்னங்கரேலென்று, புருவத்திலும் காலிலும் மட்டும் பழுப்பாக இருக்கும். அதற்குச் சோடியாகக் கொழும்பிலிருந்து காரில் வந்த ஆண் நாயும் கறுப்புதான். ஆகவே எட்டுக் குட்டிகளில் ஒன்று மட்டும் அடுப்புச் சாம்பல் நிறத்தில் பிறந்ததும், தொழிலாளர் குடியிருப்பான லயத்து நாய் ஏதோ வேலி தாண்டிவிட்டது, அத்தை கவனிக்கவில்லை என்று பங்களாச் சமையல்காரர் சொல்லிவிட்டார். அத்தைக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. பெட்டையைத் தான் ஒரு நிமிடம்கூடக் கண் பார்வையிலிருந்து விடவில்லை என்று, பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். லயத்தில் சாம்பல் நிறத்தில் நாயே கிடையாதே என்றும் கேட்டார். ஆனாலும் யாரும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் நோனா கொழும்புக்கு ஃபோன் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார். அது அபூர்வமான நிறமாம். அதற்கு நீலம் என்று பெயராம். எங்கள் கண்ணுக்கு நீலம் எதுவும் தெரியவில்லை, ஆனால் நோனா சொன்னால் நீலம்தான். அந்த நீலக் குட்டிக்கு அவர் வைத்த பெயரோ சில்வர்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பங்களாவின் பின்பக்கம் போய்விடுவேன். சில்வரைத் தடவினால் வெல்வெட்டைத் தொட்ட மாதிரி இருக்கும். மழை விட்டு வெயில் அடிக்கும்போது அதன் முதுகு ஈயப் பாத்திரம்போல மினுங்கும். அதைப் பார்ப்பதற்கென்றே கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தை கழுத்துப் பட்டியைப் பிடித்தபடி, தானும் படத்தில் விழுகிற மாதிரி, புடவையைச் சரிசெய்துகொண்டு நிற்பார்.

சில்வருக்கு ஒரு வயது நெருங்கியபோது, ஒரு சனிக்கிழமை, அத்தை அதை என் பொறுப்பில் விட்டுவிட்டு டிஸ்பென்சரிக்குப் போயிருந்தார். கொஞ்சம் ஓடட்டுமே என்று நான் சங்கிலியை அவிழ்த்தேன். அது நேரே ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் ஓடி, புளித்த ரப்பர் பால் தேங்கிக் கிடந்த கழிவுக் கானில் விழுந்து புரண்டது. அந்த நாற்றத்தை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். நோனாவின் நாய் ஷாம்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. நான் லயத்துக்கு ஓடிப் போய், அம்மா துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியை எடுத்துவந்து, பீலித் தண்ணீரில் வைத்து அதன் முதுகை நுரை பொங்கத் தேய்த்தேன். அத்தை வருவதற்குள் அது காய்ந்து பளபளவென்று நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் சீப்போடு முடி வந்தது. முதலில் இடுப்புக்கு மேலே ஒரு திட்டு, பிறகு முதுகு நெடுக. தோலில் செதிலும் சின்னச் சின்னக் கொப்புளங்களும் வந்தன. காலிலும் புருவத்திலும் இருந்த பழுப்பு முடி மட்டும் அப்படியே நின்றது. நான் தேய்த்ததும் முதுகைத்தான். இரத்தினபுரியிலிருந்து வந்த மிருக டொக்டர் தோலைச் சுரண்டிப் பார்த்து, பூச்சி எதுவும் இல்லை என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். அதற்கும் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் நோனா அத்தையைக் கூப்பிட்டு, நாய்க்கு என்ன செய்தாய் என்று கேட்டார். நான் கொய்யா மரத்தடியில் நின்றிருந்தேன். சொல்லிவிட நினைத்தும் வாய் வரவில்லை. அத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

"என் தப்புதான் நோனா."

அவ்வளவுதான் சொன்னார். சில்வரின் மேல் சவுக்கார வாசனை அடித்திருக்கும், அத்தை கண்டுபிடித்திருப்பார், என்னைக் காப்பாற்றத்தான் பழியை ஏற்றுக்கொண்டார் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

பங்களா வேலை போய், அடுத்த வாரம் அத்தை மறுபடியும் ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போனார். ஆறு வருஷமாகக் கத்தி பிடிக்காத கை. விடியும் முன்பே வாளியோடு எங்கள் வாசலைக் கடப்பார். அந்தச் சத்தம் கேட்டால் நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

நோனா சில்வரையும் அத்தையிடமே கொடுத்தனுப்பிவிட்டார். லயத்துக் குளிருக்கு அப்பாவின் பழைய பனியனை அதற்குப் போட்டுவிட்டோம். பிள்ளைகள் 'பனியன் தொரை' என்று பெயர் வைத்தார்கள். தொரையும் அதற்கேற்ற மிடுக்கோடு லயத்தைச் சுற்றி வந்தார். பின்னேரங்களில் அத்தையும் நானும் மாறி மாறி அதன் முதுகுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவோம். ஒன்பது வருஷம் எங்களோடு இருந்தது. அங்கே பங்களாவில் நோனா அதே சோடியை மறுபடியும் சேர்த்து, இன்னும் இரண்டு நீலக் குட்டிகளை எடுத்தார். அவை சின்னதாக இருக்கும்போதே கொழும்புக்குப் போய்விட்டன. அவற்றின் முதுகு என்ன ஆயிற்றென்று எங்களுக்குத் தெரியாது.

இப்போது நான் மாவனல்லைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன வருஷம் எங்கள் பூனையைக் கேகாலையில் ஒரு மிருக டொக்டரிடம் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவரின் காலடியில், முதுகு மொட்டையாகிப்போன சாம்பல் டொபர்மேன் ஒன்று படுத்திருந்தது. என் முறை வந்ததும் பூனையை விட்டுவிட்டு அந்த நாயைப் பற்றித்தான் கேட்டேன். டொக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார். தாயும் தகப்பனும் கறுப்பாக இருந்தாலும், இரண்டுக்குள்ளும் இந்த நிறம் ஒளிந்திருந்தால் குட்டிக்கு வெளியே வரும். இந்த நிறத்தில் பிறக்கிற டொபர்மேன்களில் பலவற்றுக்கு முடியின் வேரே பழுதாகி உதிர்ந்துவிடும். மருந்தால் முடியைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நிறத்துக்கு ஆசைப்பட்டு அப்படிச் சோடி சேர்க்காமல் இருப்பதுதான் வழி.

சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டினால் இப்படி வருமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, வராது என்றார்.

அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்குத் தோட்டத்துக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிறத்தால் வந்த நோய், யாரும் எதுவும் செய்யவில்லை என்றேன். அத்தை மெதுவாகக் கேட்டார்.

"அப்ப கருவாட்டுச் சோத்தால வந்தது இல்லையா?"

எனக்கு விளங்கவில்லை. நோனா கொடுத்த கொழும்புத் தீனியைச் சில்வர் முகர்ந்துகூடப் பார்க்காதாம். பட்டினி கிடக்கிறதே என்று அத்தை நோனாவுக்குத் தெரியாமல் தினமும் கருவாடு பிசைந்த சோற்றை ஊட்டியிருக்கிறார். அந்த உப்பும் காரமும்தான் தோலைத் தின்றுவிட்டன என்று இத்தனை காலமும் நம்பியிருக்கிறார்.

"என் கையாலதான் அதைக் கெடுத்தேன்னு நெனச்சேன் புள்ள."

நான் சவுக்காரக் கதையைச் சொன்னேன். அவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். அப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது.

கொய்யா மரத்தடியில் நின்ற பிள்ளை, அத்தை தன்னைக் காப்பாற்றுகிறார் என்று நம்பியது. அந்த முதுகுக்கு எண்ணெய் தடவிய ஒன்பது வருஷமும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் தன்னைப் போலவே அந்த நாயிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தடவினார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.