ஆணிச் சப்பாத்தோடு ஆறு மாதம்

பிறர் வியர்வை ஊறிய சப்பாத்தைத் துடைத்துப் பிழைக்கிறவனுக்கு மூக்கு ஒரு வீண் சுமை. அந்தத் தொழில் பார்த்தவர்கள் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில், துறைமுகக் கந்தோர்களில் வேலை செய்கிறவர்கள் ஓடிப் பழகும் ஒரு கழகத்தில் எனக்குக் களஞ்சியப் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. பெயர்தான் பெரிது. ஓட்டச் சப்பாத்துகளைக் கழுவி, காயவைத்து, அடுக்கி வைப்பதுதான் வேலை. ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரம் என்று செயலாளர் செல்லத்துரை சொல்லிவிட்டார். கப்பலில் சாமான் வராத காலம், ஒரு சோடி பழுதானாலும் நான் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் அப்பாவின் புகையிலைத் தோட்டமும் கிணற்றுத் துலா மிதிப்பும் காத்திருந்தன. நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

சுவர் வெள்ளை

கன்வஸ் சப்பாத்துக்குப் பூசும் வெள்ளைக்கட்டி கடைகளில் இல்லை. என் மூளை சும்மா இருக்குமா? கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பை வாங்கி வந்து பூசினேன். பத்துச் சோடியும் பளிச்சென்று இருந்தன. அன்று மாலை தூறியது. ஓடியவர்கள் உள்ளே வந்தபோது செயலாளர் கந்தோரின் சிவப்புச் சீமெந்துத் தரை முழுக்க வெள்ளைக் காலடி.

வாளியும் துணியுமாக முழந்தாளில் நின்றேன். செல்லத்துரை வாசலில் வந்து நின்றார். தொலைந்தேன் என்றே நினைத்தேன்.

“தம்பி, நான் சப்பாத்துக்குத்தான் வெள்ளை அடிக்கச் சொன்னனான். கந்தோருக்கில்லை.”

சனி முழுக்கு

தோல் சப்பாத்துக்கு ஆமணக்கெண்ணெய் பூச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தானுக்குச் சனிக்கிழமை என்றால் நல்லெண்ணெய்தான். தலைக்கு நல்லது காலுக்குக் கெடுதலா என்று நாலு சோடிக்கும் கட்டும் வார் உட்பட எண்ணெய் வைத்து ஊறவிட்டேன்.

திங்கள் காலை பெட்டியைத் திறந்தால் ஒரு வாரையும் காணோம். துறைமுகத்து எலிகள் தின்று தீர்த்திருந்தன. நல்ல வேளை, தோலில் பல் படவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. மைதானத்தில் புல் வெட்டும் சிங்களவர் சிறிபாலா தடித்த நூலை முறுக்கி வார் செய்து தந்து என்னைக் காப்பாற்றினார்.

“அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் சோறும் வையுங்க மாத்தயா, எலி பாவம்.”

மாமா வந்த நாள்

வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் ‘களஞ்சியம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பிறர் சப்பாத்தைத் தொடுகிறேன் என்று அறிந்தால் அம்மா அன்றைக்குச் சாப்பிட மாட்டா. ஒருநாள் வெள்ளவத்தையிலிருந்து அம்மாவின் தமையன், என் மாமா, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். என் மடியில் சேற்றுச் சப்பாத்து. கையில் அதன் அடி ஆணிகளுக்கிடையே மண் கிண்டும் குச்சி. மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கொண்டுவந்த கடதாசிப் பையைப் பிரித்து, ஒரு பழைய டென்னிஸ் சப்பாத்தை வெளியே எடுத்தார்.

“கொம்மாவுக்கு நான் மூச்சு விடமாட்டன். இதுக்கும் கொஞ்சம் வெள்ளை அடிச்சுத் தாடா.”

தேநீர் அடுப்பு

கழகத்தின் நம்பிக்கை நட்சத்திரம் ரபீக். மருதானையில் கடை வைத்திருந்த அவன் வாப்பா, யுத்தத்துக்கு முன்பே லண்டனுக்கு எழுதி எடுப்பித்த ஆணிச் சப்பாத்து அவனுடையது. என் ஆறாம் மாதத்தின் கடைசி வாரத்தில் போட்டி வந்தது. அதற்கு முதல் நாள் அவன் மழையில் ஓடியதில் சப்பாத்து ஊறிப்போயிற்று. உள்ளே கடதாசி திணித்து நிழலில் காயவிட வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், காலைக்குள் காயாதே என்ற பயத்தில் தேநீர் அடுப்பின் ஓரத்தில் வைத்தேன். அரை மணியில் தோல் சுருங்கிக் கருவாடாகிவிட்டது.

இந்த முறை ஆமணக்கெண்ணெய்தான். கை ஓயும்வரை தேய்த்தேன். தோல் இளகியது, ஆனால் நீளம் திரும்பவில்லை. காலையில் ரபீக் வந்ததும், செல்லத்துரை பக்கத்தில் நிற்கும்போதே, உள்ளதைச் சொல்லிவிட்டேன். ரபீக் சப்பாத்தை வாங்கிக் காலை நுழைத்தான். நுழையவில்லை. மனதுக்குள் நான் பெட்டி கட்டத் தொடங்கினேன். அவன் குனிந்து, போட்டிருந்த இரண்டு சோடிக் காலுறையில் ஒரு சோடியைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி நுழைத்தான். நாலடி ஓடித் திரும்பி வந்து வெட்கத்தோடு சிரித்தான்.

“வாப்பா ஆசயா எடுத்துத் தந்தது அண்ணன். ஒரு சைஸ் பெருசு எண்டு செல்ல வெக்கமா இருந்திச்சி. இப்பதான் காலுக்குச் சரி.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரபீக் அன்று இரண்டாவதாக வந்தான். மாலையில் செல்லத்துரை என்னைக் கூப்பிட்டு, நியமனக் கடிதத்தில் ஒப்பமிட்டுக் கையில் தந்தார்.

“வேலை நிரந்தரம், தம்பி. என்ரை சப்பாத்தும் கொஞ்சம் பெரிசுதான். ஆனா அதை நீ தொடக் கூடாது.”

ஆறு மாதம் பயந்து பயந்து ஒழுங்காகக் கழுவிய சப்பாத்துகளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கெடுத்த ஒரு சோடிதான் எனக்குச் சோறு போட்டது.