சங்கு, அம்பாரம், நங்கூரம், பேல்

எனக்கு முப்பத்திரண்டு வயது நடக்கும்போது என் மைத்துனர் கொழும்புக்குக் கப்பலேறினார். போகிற அன்று தன் சைக்கிளை எங்கள் மில்லர்புரம் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "அத்தான், இத நீங்க ஓட்டுங்க. துருப்பிடிக்க விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி என்னைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அவள் நினைத்தது எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இது தாங்குமா?

நான் பெருத்த உடம்புக்காரன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாசரேத்தில் படிக்கும்போது என்னைப் 'பானை' என்று கூப்பிட்டார்கள். பயிற்சிப் பள்ளிக்குப் போனால் அந்தப் பெயர் எனக்கு முன்னே போய் உட்கார்ந்திருந்தது. தூத்துக்குடியில் ஒரு மிஷன் பள்ளியில் வாத்தியாரான பிறகு யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்வதில்லை. கரும்பலகையில் எழுதத் திரும்பும்போது மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்கும்.

உடம்பைவிட எனக்குப் பெரிய வெட்கம் என் மூச்சு. பத்துப் படி ஏறினால் நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அதை மறைக்கப் பள்ளி மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிப்பதுபோல் பாவனை செய்வேன். ஒரே நோட்டீஸை இரண்டு மாதம் படித்திருக்கிறேன்.

ஆகவே ஆள் நடமாட்டமில்லாத உப்பளப் பாதையில், விடிந்தும் விடியாத நேரத்தில்தான் சைக்கிள் ஓட்டப் போனேன். ஆச்சரியம் என்னவென்றால், அது எனக்குப் பிடித்துவிட்டது. நடக்கும்போது வலிக்கிற முழங்கால் சைக்கிளில் வலிக்கவில்லை. என் உடம்பு எனக்குப் பாரமாக இல்லாத ஓர் இடத்தை வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்டுகொண்டேன். மூன்றாவது வாரம் பின்சக்கரத்தில் நான்கு கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்தன. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பழைய துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன்.

கடை வாசலில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் என்னைப் போன்றவர்கள். ஒருவர் என்னைவிடவும் பெரியவர். பெஞ்சின் நடுவில் கூடுதலாக ஒரு கால் அடித்திருந்தது.

கடைக்கார அண்ணாச்சி ஊசி மாதிரி இருப்பார். என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "இன்னொரு ஆளா! ஏற்கனவே இந்த மூணு பேருக்குக் கம்பி போட்டுப் போட்டே என் பெட்டி காலி. யுத்தக் காலத்துல நான் கம்பிக்கு எங்கன போவேன்?"

எனக்கு முகம் சுட்டது. ஆனால் பெஞ்சில் இருந்த மூவரும் வெடித்துச் சிரித்தார்கள். அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பாக இல்லை. நானும் சேர்ந்துகொள்ள இடம் விட்ட சிரிப்பு. பெரியவர் நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சைத் தட்டினார். "இங்கன வந்து இரியும் வே. தாங்கும். நாங்க சோதிச்சுப் பாத்தாச்சு."

அந்தப் பெரியவர் உப்பளத்தில் மேற்பார்வை பார்ப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தால் பாத்தி ஓரத்தில் குவித்த உப்பு மாதிரியே இருப்பார். உப்புக் குவியலை எங்கள் பக்கம் அம்பாரம் என்போம். அவருக்கு அதுவே பெயர். இரண்டாமவர் தோணித் தண்டல், அதாவது கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் பாய்த்தோணியை நடத்துகிறவர். கடற்கரைக் கத்தோலிக்கர். அவர் சைக்கிளில் பிரேக் என்று ஒன்று கிடையாது. இரண்டு காலையும் தரையில் ஊன்றித்தான் நிறுத்துவார். ஊன்றினால் ஊன்றியதுதான். அவர் நங்கூரம். மூன்றாமவர் காயல்பட்டினத்துக்காரர், பஞ்சுத் தரகர். ஆலையில் இறுக்கிக் கட்டிய பஞ்சுப்பொதி போல முன்னும் பின்னும் ஒரே அளவாக இருப்பார். அவர் பேல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ, நால்வரும் முள்ளக்காடு வரை போய்வரலாம் என்று கிளம்பினோம். ஒரு சிறிய மேடு வந்தது. என் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. வழக்கம்போல மூச்சை அடக்கினேன். கண் இருட்டியது. சைக்கிளோடு ஓரத்துக் கருவேலம் புதரில் சாய்ந்தேன்.

மூவரும் ஓடிவந்து தூக்கினார்கள். பேல் என் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே கேட்டார், "என்ன சார், நல்லாத்தானே ஊதிட்டு வந்தீங்க? ஏன் திடீர்னு நின்னுபோச்சு?"

"சத்தம் கேட்டுதா?"

"மில்லுச் சங்கு ஊதுனா ஊருக்கே கேக்கும். பக்கத்துல வர எங்களுக்குக் கேக்காதா?"

தண்டல் என் சட்டையிலிருந்து முள்ளைப் பிடுங்கியபடி சொன்னார்: "ஊதும் வே, நல்லா ஊதும். கேட்டுக்கிட்டே இருந்தா பின்னால நீரு வாரீர்னு தெரியும். நின்னா நாங்க திரும்பிப் பாப்போம். அடக்கினீர்னா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அன்றிலிருந்து நான் சங்கு. இருபது வருடமாக மறைத்து வைத்ததை அவர்கள் எனக்குப் பெயராகவே வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். "பானைக்குச் சங்கு எவ்வளவோ தேவலை" என்றாள்.

அந்தப் பெயர்களுக்கு எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவை சாலையில் மட்டும்தான். கடைத்தெருவில் பார்த்தால் அவர்களுக்கு நான் சார், எனக்கு அவர்கள் அண்ணாச்சி. ஒருமுறை எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் எங்கிருந்தோ கேட்டுவந்து, எல்லார் முன்னாலும் என்னை அப்படிக் கூப்பிட்டார். அதே எழுத்துத்தான், அதே பெயர்தான். ஆனால் உடம்பெல்லாம் கூசியது. அம்பாரத்திடம் சொன்னபோது, "அது நம்ம நாலு வாய்க்குள்ள இருக்கும்போது பேரு. வெளிய போனா வசவு" என்றார்.

இப்படியே ஒரு வருடம் போயிருக்கும். ஆனி மாதம். மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற காலம். ஒரு சனிக்கிழமை நடுப்பகலில் எனக்குத் தந்தி வந்தது. நாசரேத்தில் ஐயாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மோசமாக இருக்கிறது, உடனே வரவும். எங்கள் வீடுகளில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். பெட்ரோல் கிடைக்காமல் கரியடுப்பை முதுகில் சுமந்து ஓடிய பஸ்கள் அப்போது. அன்றைய வண்டி அடுப்பு உடைந்து கிடந்தது. திங்கட்கிழமைதான் புறப்படும் என்றார்கள். ரயில் என்றால் திருநெல்வேலி சுற்றி மறுநாள்தான் போய்ச்சேர முடியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு, காற்றடிக்க அண்ணாச்சி கடைக்குப் போனேன். அம்பாரம் பெஞ்சில் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார்.

"நாசரேத்துக்கா? தனியாவா? கச்சானுக்கு எதுக்கவா?"

"போய்த்தான் ஆகணும்."

அவர் கடைக்காரரைப் பார்த்தார். அண்ணாச்சி கையிலிருந்த திருப்புளியைப் போட்டுவிட்டு, ஒரு சைக்கிளில் தாவி ஏறிப் போனார். அரைமணி நேரத்தில் நங்கூரமும் பேலும் வந்துவிட்டார்கள். நங்கூரத்துக்கு அது தோணி ஓடாத பருவம், கரையில்தான் இருந்தார். பேல் மட்டும் யாரோ வியாபாரியைப் பாதிப் பேச்சில் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "சங்கு, பேசாம வாரும். பேசுனா மூச்சு வீணாப்போவும்" என்றார் நங்கூரம்.

இருபத்தைந்து மைல் இருக்கும். ஊரைத் தாண்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. மிதித்தால் சைக்கிள் நகரவில்லை. அப்போது அம்பாரம் முன்னால் போனார். அவருக்குப் பின்னால் பேல், அடுத்து நங்கூரம், கடைசியில் நான். "முன்னால போறவன் காத்த வாங்கணும், பின்னால வாரவன் அவன் முதுக வாங்கணும். தோணிக்கும் இதுதான் கணக்கு" என்று நங்கூரம் கத்தினார். ஒரு மைலுக்கு ஒருமுறை அவர்கள் மூவரும் இடம் மாறிக்கொண்டார்கள். என் முறை வரும்போது நான் முன்னேறப் பார்த்தால், யாராவது ஒருவர் சைக்கிளைக் குறுக்கே விட்டுத் தடுப்பார். என்னை ஒருமுறைகூட முன்னால் விடவில்லை. என் கண்ணெதிரே அந்த முதுகுகள் வியர்வையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தன. ஊரார் கேலி செய்த அகலம் அது. அன்றைக்கு அந்த அகலத்துக்குப் பின்னால்தான் நான் மூச்சுவிட்டுக்கொண்டு போனேன்.

வயற்காடு தொடங்கும் இடத்தில் அம்பாரத்தின் பின் டயர் துப்பாக்கி மாதிரி வெடித்தது. டியூப் ஒட்டுப்போட இடமில்லாமல் கிழிந்துவிட்டது. புது டியூப் அந்தக் காலத்தில் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவர்கள் யாரும் கலங்கவில்லை. பக்கத்தில் ஒரு வைக்கோல் படப்பு இருந்தது. அதன் அருகே நின்ற அம்மாளிடம் பேல் போய் விஷயத்தைச் சொன்னார். "எடுத்துக்கிடுங்கய்யா, வைக்கலுக்கு என்ன" என்று அந்த அம்மாளே உருவிக் கொடுத்தாள். வைக்கோலைப் புரியாகத் திரித்து டயருக்குள் திணித்து, பனைநாரால் சுற்றிக் கட்டினார்கள். அம்பாரம் ஏறி உட்கார்ந்தார். மாட்டுவண்டி மாதிரி தடக் தடக்கென்று போனது.

"சுகமா இருக்கா அம்பாரம்?"

"எலும்பு எத்தனைன்னு எண்ணிக்கிட்டே வாரேன்!"

அவ்வளவு பயத்திலும் நான் சிரித்தேன். சிரித்ததற்காக உடனே குற்ற உணர்ச்சியும் வந்தது.

ஏரலுக்கு எதிர்க்கரையில் ஆற்றங்கரைக்கு வந்தபோது தாமிரபரணியில் இடுப்பளவுத் தண்ணீர் ஓடியது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பேல் கரையிலேயே நின்றுவிட்டார். சின்ன வயதில் கிணற்றில் விழுந்து பிழைத்தவர் அவர். கடற்கரையில் பிறந்தும் கடலில் கால் நனைத்ததில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"நீங்க இங்கனயே இருந்து திரும்பிருங்க. இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு" என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க வாப்பா அங்க கெடக்காக. நான் இங்க நின்னுக்கிட்டு என்ன செய்யப் போறேன்?" என்றார். நங்கூரம் இரண்டு சைக்கிள்களை ஒவ்வொன்றாக அக்கரை சேர்த்துவிட்டு வந்து, அவருக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றார். பேல் அவர் தோள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஓதிக்கொண்டே ஆற்றைக் கடந்தார். அக்கரை ஏறியதும்தான் கையை எடுத்தார். நங்கூரத்தின் தோளில் பத்து விரலும் பதிந்திருந்தன.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு போய்ச்சேர்ந்தோம். அம்மா வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தே ஐயா இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். உள்ளே கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவரும் என்னைப் போல் பெருத்தவர். ஒரு வாரக் காய்ச்சலில் பாதியாகியிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவர், எனக்குப் பின்னால் நிலைப்படியை அடைத்துக்கொண்டு, புழுதியும் ஈரமுமாக நின்ற மூன்று பேரையும் பார்த்தார்.

"யாருலே இவுகல்லாம்?"

தண்டல்தான் முன்னால் வந்து கும்பிட்டார். "நான் நங்கூரம் ஐயா. இவரு அம்பாரம். இவரு பேல்."

ஐயா தலையை என் பக்கம் அசைத்தார். "எம் பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கீக?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நான் அழுதுகொண்டு வந்த நாட்களை ஐயா பார்த்திருக்கிறார். ஒருநாள் ஹெட்மாஸ்டர் வீடு வரைக்கும் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். பேல் மெல்லச் சொன்னார், "சங்கு."

"சரியாத்தான் வச்சிருக்கீக" என்றார் ஐயா. "பொறந்தன்னைக்கே அழுது தெருவையே கூட்டுனான்." சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. இருமலோடு சளியும் நிறைய வந்தது. டாக்டர் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்றார். மருந்துதான் குணப்படுத்தியது, சந்தேகமில்லை. ஆனால் ஐயா சாகும்வரை அந்தச் சிரிப்புத்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார்.

அம்மா அன்றைக்கு மூன்று முறை உலை வைத்தாள். மறுநாள் காலையில் மூவரும் புறப்படும்போது, நங்கூரத்தின் கையில் ஒரு டப்பா நிறைய விசுக்கோத்து கொடுத்து, "பிள்ளையளுக்கு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பூசைக்கு நேரமாயிற்று என்று நங்கூரம் சிலுவை போட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து நான் தூத்துக்குடி திரும்பினேன். அவர்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வழிநெடுக மனதுக்குள் வாக்கியமாக அமைத்துக்கொண்டே வந்தேன், வாத்தியார் அல்லவா. பெஞ்சில் மூவரும் இருந்தார்கள். நான் எதிரே நின்று, தொண்டையைச் செருமி, "அன்னைக்கு நீங்க செஞ்சதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஏலே, அண்ணாச்சி எங்கயோ அலைஞ்சு ஒரு டியூப் பிடிச்சுட்டு வந்திருக்காரு. வந்து ஒரு கை பிடி" என்று அம்பாரம் குறுக்கே வெட்டினார். அவர் என்னை ஏலே என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. குனிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். டயருக்குள்ளிருந்து வைக்கோலை உருவ உருவ வந்துகொண்டே இருந்தது.

சொல்ல நினைத்ததை அதற்குப் பிறகும் நான் அவர்களிடம் சொல்லவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் நால்வரும் சேர்ந்து சுற்றினோம். ஒவ்வொரு வாரமும் சொல்லலாம் என்றிருப்பேன், ஏதாவது சிரிப்பு வந்து தள்ளிக்கொண்டு போய்விடும். எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை. மாடிப்படியில் நோட்டீஸ் படிப்பதை நான் நிறுத்தி அப்போதே வெகுநாளாகியிருந்தது.