இடது கணுக்காலின் துடிப்பு

நம்பாதவர்கள் இரணியலுக்கு வந்து ரசலையனிடமே கேட்கலாம். இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது.

சர்க்கரை வியாதியில் அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மிஞ்சியது வலது கால். அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று கணுக்காலில் ரத்த ஓட்டம் பார்க்கும் ஒரு பட்டை கட்டியிருந்தார். முன்பு இரண்டு காலிலும் கட்டியிருந்த ஜோடியில் ஒன்று அது.

பட்டையின் அடியில் பச்சை வெளிச்சம் எரியும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் பெருகும்போது, வெளிச்சம் கொஞ்சம் குறைவாகத் திரும்பும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே ரத்தக்குழாய் இளக்கமாக இருக்கிறதா, விறைத்துவிட்டதா என்று போன் சொல்லிவிடும். போன் பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆடி மாத மத்தியானம். நல்ல மழை. டிங்... என்றது போன்.

‘இடது கணுக்கால்: துடிப்பு கிடைத்தது.’

ரசலையன் சிரித்தார். வீட்டில் யாராவது பழைய பட்டைக்குச் சார்ஜ் ஏற்றியிருப்பார்கள், அது துணியில் உரசி ஏமாந்திருக்கும். ஊன்றுகோலோடு அலமாரி, கட்டிலடி எல்லாம் தேடினார். மனைவி பூங்கனி அசையவில்லை.

“அத எங்கட்டி வச்ச?”

“வீட்ல இல்ல.” அவள் குரல் அடங்கியது. “எபின் அந்தக் காலுலயே கெட்டி, குழியில வச்சிட்டான். காலுக்க சாமானம் காலோட போட்டும்னான்.”

எபின் அவள் தம்பி. வெட்டிய காலை அவன் புதைத்த கல்லறைத் தோட்டம் ஒரு கிலோமீட்டர் தள்ளி.

டிங்...

‘இடது: ரத்த ஓட்டம் கூடுகிறது.’

டிங்...

‘வலது: ரத்த ஓட்டம் குறைகிறது.’

பாதத்தைத் தொட்டார். சில்லென்றிருந்தது.

திரையில் இடது பட்டையின் சிக்னல் கோடு ஒன்று. பிறகு இரண்டு.

பிறகு மூன்று...

வாசல் கதவில் சத்தமே இல்லை. மழை மட்டும்.

“எபின விளி. ஆட்டோவ பின்வாசலுக்குக் கொண்டு வரட்டு.”

ஊர் எல்லை தாண்டியதும் இடது மறைந்தது. வலது பாதம் மெல்லச் சூடானது. நாகர்கோவிலில் ஸ்கேன் செய்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை.

மறுநாள் எபின் ஆள் வைத்துக் குழியைத் தோண்டினான். காலைச் சுற்றியிருந்த துணியின் முடிச்சு அவிழவில்லை. பட்டை காலிலேயே இருந்தது. சார்ஜ் ஐந்து நாள்தான் நிற்கும். புதைத்து இரண்டு மாதம்.

கால் அழுகவில்லை.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் பூங்கனி ஒட்ட வெட்டிவிட்டிருந்த நகங்கள்... விரல்களைத் தாண்டி வளர்ந்திருந்தன.