போட்டது தெரியக்கூடாது

பிரஷ்ஷை ஐ ஷேடோவில் ஒற்றி, மிஞ்சிய தூளை இடது மணிக்கட்டில் தட்டிக்கொண்டே பார்லர் அக்கா ஆரம்பித்துவிட்டாள்: "போன மாசம் ஒரு பொண்ணுக்குக் கண்ணுல அந்தி வானத்தையே எறக்கி அனுப்பினேன். பொழுது சாஞ்சிடுச்சுன்னு தெருக் குருவியெல்லாம் கூட்டுக்குத் திரும்பிடுச்சு!" கேட்பவர் வாயைத் திறக்குமுன் தானே சேர்த்துக்கொண்டாள்: "சரி, எல்லாக் குருவியும் இல்ல."

வலக்கையில் பிரஷ், இடக்கையில் டீ. இரண்டையும் சேர்ந்தாற்போல் அவள் கீழே வைத்து, பக்கத்து நாற்காலியில் புருவம் திருத்தும் அவளுடைய தங்கைகூடக் கண்டதில்லை.

இன்று அக்காவிடம் சிக்கியவர் கணக்கு டீச்சர். கணவர் இறந்து பல வருடம், மதியம் மறுமணம். கூட்டி வந்தவள் மகள். வீட்டிலேயே அவள் பூசிவிட்ட சாம்பல் நிறம் இமையில் திட்டாக நின்றது.

"யாரும்மா டீச்சரைக் கண்ணுல குத்தினது?"

"நான்தான்க்கா. வீடியோ பார்த்துப் போட்டேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. "பூசினது தெரிஞ்சா ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலோட திரும்பிடுவேன். 'இந்த வயசுல மினுக்குறா பாரு'ன்னு எவளாவது சொல்றதுக்கா?"

மகள் கையைப் பிசைந்தாள்.

அக்கா பழையதைத் துடைத்தெடுத்தாள். "பிரஷ்ஷை வாலுல பிடிக்கணும் கண்ணு. கழுத்தைப் பிடிச்சா அது பழிவாங்கிடும்." தோலைவிட ஒரு படி கறுத்த நிறத்தைத் துளி தொட்டு, இமை மடிப்பில் மழைநாளில் கார் வைப்பர்போல இங்குமங்கும் ஓட்டினாள். பிறகு நிறமே தொடாத வெறும் பிரஷ்ஷால் ஓரங்களைச் சுழற்றிச் சுழற்றிக் கரைத்தாள். "திறந்து பாருங்க டீச்சர். மூடின கண்ணு பொய் சொல்லும்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாளில் தப்புத் தேடுவதுபோல் தன் முகத்தைத் துருவினார். பிறகு அக்காவை முறைத்தார்.

"ஒண்ணுமே போடலையே நீ? ஏதோ நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

மகளின் முகம் மலர்ந்தது. டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டி, "வாடி, அவரு காத்துட்டிருப்பாரு" என்று அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டார்.

ஒன்றுமே போடவில்லையா! அக்கா பாய்ந்து வாசலை மறித்து, மணிக்கட்டை டீச்சரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். ரோஜா, செம்பு, வெளிர்சாம்பல், பழுப்பு என்று வரிவரியாக நிறங்கள்.

"பாருங்க! இத்தனையும் உங்க கண்ணுல இருக்கு!"

தங்கை பல்லில் கடித்திருந்த நூலை விட்டாள்.

"அந்தப் பழுப்பு மட்டும் டீ, அக்கா."