மூன்றாவது ஜதிக்கு முன்னால்

நடனப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன் என்று தெரிந்தால் போதும், பெற்றோர்கள் பிடித்துக்கொள்வார்கள். "மேடம், நீங்கள்லாம் என்ன பாத்து மார்க் போடுவீங்க?" அரைமண்டி நன்றாக உட்கார்ந்திருக்கிறதா, முத்திரை விரல் நுனி வரைக்கும் போயிருக்கிறதா, கை போகிற இடத்துக்குக் கண் போகிறதா, கால் தாளத்தில் நிற்கிறதா என்று அடுக்குவேன். நகைக்கும் பட்டுக்கும் மார்க் கிடையாது என்றும் சொல்வேன். அதை மட்டும் யாரும் நம்புவதில்லை.

சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. சில குழந்தைகள் ஆடும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குமூஞ்சி நடுவர் என்று மயிலாப்பூர் பக்கம் எனக்குப் பெயரே இருக்கிறது. செத்துப்போன கணவர் ஸ்பீக்கரில் ஜதி சொல்லிக்கொண்டிருந்தால் நான் வேறு என்னதான் செய்வது?

அவர் நட்டுவாங்கம் செய்தவர். மேடையோரம் உட்கார்ந்து, கைத்தாளம் தட்டி, 'தகதிமி' என்று ஜதிச் சொற்களைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிற வேலை. என் மாணவிகளுக்காக வர்ணம் என்கிற நீளமான உருப்படி ஒன்றின் முதல் பாதியை தி.நகரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவு செய்தோம். அது பென் டிரைவில் கைமாறி, பிறகு வாட்ஸப்பில் பரவி, இப்போது ஊர் முழுக்க இருக்கிறது. யார் குரல் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. சனிக்கிழமை காலையில் ஏதோ ஒரு சபாவின் சின்ன அரங்கில் காபி குடித்துக்கொண்டிருப்பேன். திடீரென்று அவர் உள்ளே வந்துவிடுவார். போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

அந்தப் பதிவில் மூன்றாவது ஜதிக்கு முன்னால் ஓர் இடம் இருக்கிறது. தொடங்க வேண்டிய தாளத் தட்டில் அவர் தொடங்கவில்லை. ஒரு மூச்சு எடுக்கிறார். ஒரு தட்டு தள்ளி ஆரம்பித்து, இரண்டு சொற்களை விழுங்கிவிட்டு, முடிவில் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறார். தாளம் போட்டுக் கேட்காதவர்களுக்குத் தெரியவே தெரியாது. "இன்னொரு தடவ எடுத்துடலாமா சார்?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். "போதும்" என்றார் இவர். ஒரு சொல் பிசகினால்கூட ஒத்திகையை முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் மனிதர். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவுதான். நுரையீரலில் புற்றுநோய் என்று அடையாறில் டாக்டர் சொன்னது அதற்கப்புறம். நோய் முதன்முதலாகத் தன்னைக் காட்டிக்கொண்டது அந்த மூச்சில்தான் என்று நினைக்கிறேன். அதைத்தான் பிள்ளைகள் ஸ்பீக்கரில் போட்டு ஆடுகிறார்கள்.

பெரும்பாலானவர்கள் அந்த இடத்தைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள். வாத்தியார்கள் தட்டுக்கழியோடு எண்ணிக்கை சொல்லிப் பழக்கியிருப்பார்கள். குரல் வராவிட்டாலும் கால் சரியாக விழும்.

போன மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு போட்டிக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். அடையாற்றங்கரையில் இருந்த குடும்பம். ஊருக்கு வெளியே அரசாங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். அம்மாவும் பெண்ணும் பஸ் மாறி பஸ் ஏறி வந்திருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள்தான் வகுப்பாம். மற்ற நாளெல்லாம் அம்மாவின் போனில் என் கணவரைப் போட்டுவிட்டு ஆடிப் பழகியிருக்கிறாள்.

மூன்றாவது ஜதி வந்தது. அவள் நின்றாள். அவர் மூச்சு எடுத்தபோது அவள் மார்பும் மெல்ல ஏறியது. அவர் தொடங்கிய பிறகு தொடங்கினாள். அவர் விழுங்கிய இடத்தில் அவளும் இரண்டு அடியை விழுங்கினாள். ஏனோ அன்று நான் கண்ணை மூடவில்லை. அவர் அப்படி மூச்சு வாங்கியதைக் கடைசியாக நான் பார்த்தது ஆஸ்பத்திரிப் படுக்கையில். இப்போது யார் பெற்ற பிள்ளையோ ஒன்றின் உடம்பில் பார்த்தேன்.

என்னோடு நடுவராக இருந்தவர் மிருதங்கக்காரர். என் கணவருக்குப் பல மேடைகளில் வாசித்தவர். "அபிநயமெல்லாம் பிரமாதம். ஆனா தாளத்தைக் கோட்டை விட்டுட்டாளே. இதை வெச்சுண்டு ஃபைனலுக்கு எப்படி அனுப்பறது?" என்றார்.

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். தாளம் தப்பாத மனிதர் என்று என் கணவருக்குப் பெயர். அந்தப் பெயர்தான் எனக்கு மிச்சம். ஆனால் ஒரு குழந்தை காது கொடுத்துக் கேட்டதற்கா மார்க்கைக் குறைப்பது? எனக்குக் கோபம் வந்துவிட்டது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"தப்பு அவ மேல இல்ல சார். அவர் மேல" என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கலைந்த பிறகு பாட்டை மறுபடி போடச் சொன்னேன். மிருதங்கக்காரர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். தட்டு விழுந்தது, குரல் வரவில்லை. கை தொடையிலேயே நின்றுவிட்டது.

"உங்காத்துக்காரர் குரல்னா தாளம் போட்டுப் பாக்கணும்னே யாருக்கும் தோணலை" என்றார். பழைய மார்க்கை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

அந்த அம்மாவைக் கூப்பிட்டு, பெண் இறுதிச் சுற்றுக்குப் போகிறாள், ஆனால் பதிவில் ஒரு பிசகு இருக்கிறது என்று சொன்னோம். "இன்னாம்மா சொல்றீங்கோ, பாட்டே தப்பா கீதுன்றீங்களா? அப்ப அடுத்த போட்டில இன்னா பண்றது?" என்று பதறிப்போனாள்.

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து பெண் சொன்னாள்: "அங்க அவரு மூச்சு எடுப்பாரு மிஸ். எடுத்து முடிக்கிற வரிக்கும் நான் வெயிட் பண்ணுவேன்."

இறுதிச் சுற்றுக்கு வேறு நடுவர்கள். அவர்களிடம் போய் என் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பதிவைச் சரிசெய்து அனுப்புகிறேன் என்று போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

அந்த ஸ்டூடியோ இப்போது கல்யாண வீடியோ செய்கிற கடை. ஆள் மட்டும் அதே ஆள். அன்றைய ஒத்திகைப் பதிவையும் பத்திரமாக வைத்திருந்தார். அதில் அதே ஜதியை என் கணவர் சரியான தட்டில் தொடங்கியிருந்தார். அந்தத் துண்டை எடுத்து இங்கே ஒட்டிவிடலாம் என்றார். கம்ப்யூட்டர் திரையில் அந்த மூச்சைக் காட்டினார். பெரிய மேடுகளுக்கு நடுவில் எறும்பு வரிசை மாதிரி ஒரு கோடு.

"எடுத்துடவா மேடம்?"

எடுக்கச் சொன்னேன். செத்தவருக்கு என்ன, அந்தப் பெண்தானே அடுத்த வாரம் ஆட வேண்டும்? இதையே சொல்லிக்கொண்டு தேனாம்பேட்டை வரைக்கும் ஆட்டோவில் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அனுப்பிவிட்டு, நானும் ஒரு தடவை போட்டுக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. அவர் இப்போது எங்கேயும் தப்பவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண்ணிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் குக்கர் விசில் கேட்டது. அவளுக்கு மூச்சிரைத்தது, ஆடிப் பார்த்த கையோடு போனை எடுத்திருக்கிறாள்.

"மிஸ், அவரு நிக்காம போய்ட்டாரு மிஸ். நான் மட்டும் அங்கியே நின்னுகினு கீறேன்."